ஒரே எழுத்துத்தொடர், ஒரே சொற்குடும்பம்: வடசென்னையில் ஆங்கிலம் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ உள்ள சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேரும் இளைஞர்களும், கல்லூரியின் முதலாண்டில் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் மாணவர்களும் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: இலக்கணம் ஓரளவு பிடிபடுகிறது, சொற்கள்தான் கைவசம் இல்லை. அதற்காக அகரவரிசைப் பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் சில வாரங்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்களுக்கிடையே பொருளால் எந்த உறவும் இல்லாததால், ஒன்று மற்றொன்றை நினைவூட்டுவதில்லை. பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும் ஓர் எழுத்துத்தொடரைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்ப்பது இதைவிடப் பயன் தரும் வழி. அதை எப்படித் தொடங்குவது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: ஏற்கெனவே வாயில் புழங்கும் சொற்களைத் தாளில் எழுதுதல்

புதிய சொல்லைத் தேடி முதலில் எங்கும் போக வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று தொங்கும் அட்டையையும், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் நெற்றியில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்று எழுதியிருப்பதையும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இம்போர்ட், பாஸ்போர்ட், ஏர்போர்ட், ரிப்போர்ட், சப்போர்ட், ஸ்போர்ட்ஸ் ஆகியவற்றை ஆங்கிலம் தெரியாதவர்களும் பேச்சில் கையாளுகிறார்கள். இவை அனைத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தமிழெழுத்தில் அல்லாமல் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் பி, ஓ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகள் இதே வரிசையில் இருப்பதைக் காண்பீர்கள்.

ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் காதில் ‘பி’ என்று ஒலிக்கும் எழுத்துகள் இரண்டு. ‘டி’ என்று ஒலிப்பவையும் இரண்டு. இங்கே குறிப்பிடுவது பென்சிலுக்குரிய பி, டிக்கெட்டுக்குரிய டி. பஸ்ஸுக்குரிய பி-யையும் டோருக்குரிய டி-யையும் இவற்றோடு குழப்பிக்கொண்டால் குடும்பமே மாறிவிடும். தமிழில் எழுதும்போது மறைந்துபோகும் இந்த வேறுபாடு ஆங்கில எழுத்தில் உடனே கண்ணில் படும்.

எழுதும்போது அந்த நான்கு எழுத்துகளும் நேர்க்கோட்டில், ஒன்றின்கீழ் ஒன்று வருமாறு அமையுங்கள். அவற்றின் இடப்பக்கம் முன்னே ஒட்டியவை நிற்கும். வலப்பக்கம் பின்னே ஒட்டியவை நிற்கும். பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லின் உறுப்புகள் தனித்தனியாகத் தெரிவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: நடுவில் நிற்கும் பகுதியின் பொருளைக் கண்டறிதல்

இந்தக் குடும்பத்தின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கே ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்லுதல். ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம். ‘போர்ட்டா’ என்றால் வாயில். மூன்றும் தம்முள் உறவுடையவை என்றே மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். நம்முடைய பட்டியலில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை முதலாவதான ‘சுமந்து செல்’ என்பதிலிருந்தே பிறந்தவை. ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர் போர்ட்டர். கையில் சுமந்து செல்லத்தக்கது போர்ட்டபிள்.

துறைமுகப் பொருளிலிருந்து வந்தவற்றுள் ஒரு சொல் வடசென்னைக்காரர்களுக்குத் தனியாகப் பிடிக்கும். வாய்ப்பு என்று பொருள்படும் ‘ஆப்பர்ச்சுனிட்டி’ என்ற சொல்லின் உள்ளேயும் அதே நான்கு எழுத்துகள் இருக்கின்றன. ஒலிப்பு மாறிவிட்டதால்தான் காதுக்குப் புலப்படுவதில்லை. கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளிவரும் சாதகமான காற்றைக் குறித்த இலத்தீன் சொல்லே அதன் மூலம். 1881இல் சென்னைத் துறைமுகம் செயல்படத் தொடங்குவதற்கு முன்பு, இந்தக் கரையில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் ஏறி, அலையோடு போராடித்தான் கரை சேர வேண்டியிருந்தது. காற்றும் கடலும் இடம் கொடுத்தால்தான் எதுவும் நடக்கும் என்பதை அனுபவித்த ஊரில், அந்தச் சொல்லுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

காசிமேட்டை நாம் மீன்பிடித் துறைமுகம் என்கிறோம். அதன் ஆங்கிலப் பெயரில் வருவது ‘ஹார்பர்’, ‘போர்ட்’ அன்று. ஹார்பர் என்பது அலையிலிருந்து காப்பளிக்கும் நீர்ப்பகுதி. போர்ட் என்பது சரக்கும் பயணிகளும் ஏறி இறங்குவதற்கான ஏற்பாடுகள் அனைத்தும் கொண்ட இடம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் பயன்படுவதால் இவ்வேறுபாட்டைத் தனியே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: சொல்லைப் பகுபதம்போல் பிரித்தல்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவருக்கும் இந்தப் படி எளிதாக அமையும். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பத்தாம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. தமிழில் ஒட்டுகள் பின்னால் சேரும். இலத்தீன் வழிவந்த ஆங்கிலச் சொற்களில் முன்னாலும் சேரும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

‘எக்ஸ்’ என்றால் வெளியே. ஆகவே எக்ஸ்போர்ட் என்பது வெளியே கொண்டுசெல்லுதல், அதாவது ஏற்றுமதி. ‘இன்’ என்றால் உள்ளே. ஆகவே இம்போர்ட் என்பது இறக்குமதி. ‘இன்’ ஏன் ‘இம்’ ஆயிற்று என்று கேட்பவர்கள், மரம் என்பதோடு கள் சேரும்போது ஏன் மரங்கள் என்று ஆகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப முந்தைய மெல்லின எழுத்து தன்னை மாற்றிக்கொள்கிறது. இரண்டு மொழிகளிலும் நாக்கு ஒரே சலுகையைத்தான் கேட்கிறது. ‘டிரான்ஸ்’ என்றால் ஓரிடத்தைக் கடந்து மறுபுறம். எனவே டிரான்ஸ்போர்ட் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்லுதல். ‘டீ’ என்பது அப்பால் அகற்றுவதைக் குறிக்கும். டிபோர்ட் என்றால் நாட்டைவிட்டு வெளியேற்றுதல்.

இந்தப் பிரிப்பு பொருளோடு நின்றுவிடாமல் எழுத்துப் பிழையையும் தவிர்க்கிறது. ரிப்போர்ட், சப்போர்ட் என்ற இரண்டையும் நாம் ஒரேபோல ‘ப்ப’ என்று அழுத்திச் சொல்கிறோம். அதனால் இரண்டிலும் பி இரட்டித்து வரும் என்று எண்ணி எழுதுபவர்கள் ஏராளம். பிரித்துப் பாருங்கள்: ‘ரீ’ என்றால் திரும்ப, நடந்ததைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வது ரிப்போர்ட். ‘ரீ’ என்ற ஒட்டின் இறுதியில் பி கிடையாது என்பதால் சொல்லிலும் ஒரே ஒரு பி-தான். சப்போர்ட் என்பதில் முன்னொட்டு ‘சப்’, அதாவது கீழே. கீழிருந்து சுமப்பதால் அது தாங்குதல் ஆயிற்று. ‘சப்’ என்பதன் இறுதியில் உள்ள பஸ்ஸுக்குரிய பி, போர்ட்டுக்கு முன்னால் பென்சிலுக்குரிய பி-யாக மாறிவிடுவதால், இங்கே பி இரண்டு. ஆப்பர்ச்சுனிட்டியிலும் இதே காரணத்தால்தான் இரண்டு பி வருகிறது. ஒருமுறை காரணம் புரிந்துவிட்டால், இச்சொற்களை எழுதும்போது கை தயங்காது.

நான்காம் படி: குடும்பத்தைச் சேராதவர்களை விலக்குதல்

எழுத்துத்தொடர் ஒத்திருக்கிறது என்பதற்காக எல்லாச் சொற்களும் உறவினர் ஆகிவிடுவதில்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், இதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

போர்ட் குடும்பத்திலேயே பங்கு என்று பொருள்படும் ‘போர்ஷன்’ என்ற சொல்லைப் பாருங்கள். வாடகைக்கு விடும் வீட்டைக்கூட நம் தெருக்களில் போர்ஷன் என்றுதான் சொல்கிறோம். அதிலும் அந்த நான்கு எழுத்துகள் உண்டு. ஆனால் அது பங்கு என்ற பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சுமப்பதோடு அதற்குத் தொடர்பில்லை. உருவப்படத்தைக் குறிக்கும் ‘போர்ட்ரெய்ட்’டும் அவ்வாறே, அதன் மூலப்பொருள் முன்னே இழுத்துக் காட்டுதல் என்பது.

இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கண்டெய்னர் என்ற சொல்லில் இருக்கிறது. அதன் நடுவில் உள்ள எழுத்துத்தொடர் டி, ஏ, ஐ, என், டிக்கெட்டுக்குரிய டி. அதற்குப் பிடித்திருத்தல் என்று பொருள். சேர்த்துப் பிடித்து உள்ளடக்குவது கண்டெய்ன். கையில் பிடித்துக் காப்பது மெயின்டெய்ன். விட்டுவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வது ரீடெய்ன். போகவிடாமல் பிடித்துவைப்பது டிடெய்ன். கீழிருந்து பிடித்துத் தாங்குவது சஸ்டெய்ன். ஒன்றிலிருந்து தன்னை விலக்கிப் பிடித்துக்கொள்வது அப்ஸ்டெய்ன். கப்பல் நிறுவனத்தின் காலிப் பெட்டியை உரிய நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் கட்ட வேண்டிய ‘டிடென்ஷன் சார்ஜ்’ சரக்கு அலுவலகங்களில் எல்லோரும் அஞ்சும் செலவு. அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பெயர்ச்சொல்லாகும்போது எழுத்துத்தொடர் டி, ஈ, என் என்று சுருங்கிவிடுகிறது. மெயின்டெய்ன் என்பதிலிருந்து வரும் ‘மெயின்டெனன்ஸ்’, வாடகைக்குக் குடியிருப்பவரைக் குறிக்கும் ‘டெனன்ட்’ ஆகியவற்றில் உள்ளதும் இந்தச் சுருங்கிய வடிவந்தான்.

இனி கப்பலின் கேப்டனை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தச் சொல்லும் இதே நான்கு எழுத்துகளோடு முடிகிறது. ஆனால் கேப்டனுக்கும் பிடித்திருத்தலுக்கும் உறவில்லை; தலை என்று பொருள்படும் ‘கேப்புட்’ என்ற இலத்தீன் சொல்லே அதன் மூலம். தலையிலிருந்து தலைவன் என்று நாம் சொல்லாக்கியதுபோலவே அவர்களும் ஆக்கியிருக்கிறார்கள். தலைநகரைக் குறிக்கும் ‘கேப்பிட்டல்’ என்பதும் அங்கிருந்துதான் வந்தது. மலையைக் குறிக்கும் மவுண்டன், திரையைக் குறிக்கும் கர்ட்டன், உறுதியைக் குறிக்கும் சர்ட்டன் ஆகியவையும் அந்த எழுத்துகளோடு முடிந்தாலும் பிடித்தல் குடும்பத்துக்கு வெளியே நிற்பவை.

இவற்றைப் பிரித்தறிய நம் காதே பெரும்பாலும் போதுமானது. உறவுள்ள சொற்களில் அந்த ஈற்றசை அழுத்தம் பெற்று ‘டெய்ன்’ என்று முழுமையாக ஒலிக்கிறது. உறவில்லாதவற்றில் அழுத்தம் முதலசைக்குப் போய்விடுவதால் ஈறு ‘டன்’ என்று குறுகிவிடுகிறது. நாம் கண்டெய்னர் என்றும் கேப்டன் என்றும் வேறுபடுத்திச் சொல்வதே இதற்குச் சான்று. இதற்கும் விலக்கு உண்டு: எட்டுதல் என்று பொருள்படும் ‘அட்டெய்ன்’ முழு ஒலியோடு வந்தாலும், அது தொடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. எனவே காது சொல்வதை அகராதியில் சரிபார்ப்பதும் தேவை.

ஷிப் என்ற தொடரும் இப்படியே. ஷிப்பிங், ஷிப்மென்ட், ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில் ஆகியவற்றில் உள்ளது கப்பல். ஃபிரண்ட்ஷிப், ஸ்காலர்ஷிப், லீடர்ஷிப், மெம்பர்ஷிப் ஆகியவற்றின் ஈற்றில் உள்ளது நிலை, தன்மை, தகுதி ஆகியவற்றைக் குறிக்கும் வேறொரு பழைய ஆங்கில விகுதி. வழிபாட்டைக் குறிக்கும் ‘ஒர்ஷிப்’ என்பதிலும் இந்த விகுதியே இருக்கிறது. மதிப்புடைமை என்பதே அதன் தொடக்கப்பொருள். ஆளைக் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் ஷிப் வந்தால் அது விகுதி என்று கொள்ளலாம். போர்க்கப்பலைக் குறிக்கும் ‘வார்ஷிப்’ போன்றவற்றில் ஈற்றில் நிற்பதும் கப்பலே.

முன்னொட்டுகளிலும் இந்தக் கவனம் வேண்டும். இம்போர்ட்டில் உள்ள ‘இம்’ உள்ளே என்று பொருள்படும். இம்பாசிபிள் என்பதில் உள்ள ‘இம்’ இல்லை என்று பொருள்படும். வடிவம் ஒன்று, வேலை இரண்டு.

ஐந்தாம் படி: அகராதியில் உறுதிப்படுத்துதல்

இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் பெரும்பாலான சொற்களுக்கு வரலாறும் தரப்பட்டிருக்கும். பக்கத்தைச் சற்றுக் கீழே நகர்த்தினால் போதும். நீங்கள் ஊகித்த வேரும் அங்கே சொல்லப்படும் வேரும் ஒன்றானால், அந்தச் சொல்லைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறானால், அதே பக்கத்தின் கீழே ஒரு கோடு போட்டு, ‘உறவில்லாதவை’ என்ற தலைப்பில் எழுதிவையுங்கள். அழித்துவிட வேண்டாம், விலக்கப்பட்ட சொல்லும் அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே நினைவில் நிற்கும்.

ஒரு தொடர் எந்தெந்தச் சொற்களில் வருகிறது என்று தேட, ஒன்லுக் என்ற தேடுதளத்தில் அந்த எழுத்துகளின் இருபுறமும் விண்மீன் குறியிட்டுத் தேடலாம். ஆனால் வந்து விழும் நீண்ட பட்டியலில், ஆங்கிலேயர்களே அறியாத சொற்களும் இருக்கும். அவற்றுள் நீங்கள் எங்கேனும் கண்டோ கேட்டோ இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதே போதுமானது. ஒரு வாரத்துக்கு ஒரு தொடருக்குமேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டே எழுத்துகள் கொண்ட தொடர் எதிலும் வந்து நிற்கும் என்பதால், மூன்று முதல் ஐந்து எழுத்துகள் கொண்டவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: வேலையிடத்தில் படித்துப் பார்த்தல்

அடுத்தமுறை சாலைச் சந்திப்பில் கண்டெய்னர் லாரி ஒன்று உங்கள் அருகில் நின்றால், அதன் பின்கதவைப் படியுங்கள். மேலே நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட பெட்டி எண் இருக்கும். அதன்கீழே மூன்று எடைகளைக் காணலாம்: பெட்டியும் சரக்கும் சேர்ந்து இருக்கத்தக்க உச்ச எடை ‘மேக்ஸ் கிராஸ்’, காலிப் பெட்டியின் எடை ‘டேர்’, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைக்கும் சரக்கு எடை ‘நெட்’ அல்லது ‘பேலோட்’. இந்தப் பேலோடில் வரும் லோடு, தொடங்குபவர்களுக்கு மிக எளிய குடும்பம். அன்லோட், ஓவர்லோட், ஒர்க்லோட், டவுன்லோட் என அனைத்திலும் சுமையேற்றும் பொருள் வெளிப்படையாகவே இருக்கிறது.

பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் ‘மேனுஃபாக்சர்டு பை’ என்று அச்சிட்டிருப்பதையும் இதேபோல் படிக்கலாம். எம்-ஏ-என்-யூ என்பது கை. எஃப்-ஏ-சி-டி என்பது செய்தல். ஆலையில் எந்திரம் செய்தாலும் சொல்லுக்குள் கைவேலை அப்படியே இருக்கிறது. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் வரும் ஃபாக்டரி என்ற சொல்லிலும் அதே எஃப்-ஏ-சி-டி.

படித்த சொற்களை வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தத்தைக் கவனியுங்கள். எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட் ஆகியவை பெயர்ச்சொல்லாக வரும்போது முதலசையை அழுத்த வேண்டும். வினைச்சொல்லாக வரும்போது ‘போர்ட்’ என்பதை அழுத்த வேண்டும். ரிப்போர்ட், சப்போர்ட் ஆகியவற்றில் இந்த மாற்றம் கிடையாது. எப்படி வந்தாலும் அழுத்தம் போர்ட்டின் மீதுதான்.

அடுத்து எடுத்துக்கொள்ளத்தக்கவை

போர்ட், டெய்ன், ஷிப் ஆகிய மூன்றும் கைவந்தபின், பார்த்தல் என்ற பொருளுடைய ‘ஸ்பெக்ட்’ தொடரை எடுத்துக்கொள்ளலாம்: உள்ளே பார்ப்பவர் இன்ஸ்பெக்டர், கீழிருந்து பார்ப்பதுபோல் ஐயுறுவது சஸ்பெக்ட், திரும்பிப் பார்த்து மதிப்பது ரெஸ்பெக்ட். அழுத்துதல் என்ற பொருளுடைய ‘பிரெஸ்’ தொடரும் எளிது. பிரஷர், கம்ப்ரெசர், எக்ஸ்பிரஸ் என நாம் அறிந்தவையே அதில் மிகுதி.

அதன்பின் ‘டக்ட்’ தொடரைத் தொடங்குங்கள். இதில் முன்னால் நிற்பது டோருக்குரிய டி; வழிநடத்துதல் என்பது பொருள். கண்டக்டரை நாம் நடத்துநர் என்று தமிழாக்கியிருப்பதால் பொருளை நினைவில் வைப்பதில் சிரமமே இராது. புராடக்ட், புரொடியூஸ் என்றும் ரிடக்‌ஷன், ரிடியூஸ் என்றும் இன்ட்ரொடக்‌ஷன், இன்ட்ரொடியூஸ் என்றும் இணை இணையாக வரும் இச்சொற்களில், வினைச்சொல்லாகும்போது கடைசி டி மறைந்து சி-யோடு ஓர் ஈ சேர்வதைக் காண்பீர்கள். ஒவ்வோர் இணையையும் ஒரே வரியில் எழுதுங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்புநிதி முதலியவற்றைக் காட்டும் பத்திக்கு மேலே ‘டிடக்‌ஷன்ஸ்’ என்று இருக்கும். டிபோர்ட்டில் கண்ட அதே ‘டீ’ இங்கும் முன்னால் நிற்பதால், ஊதியத்திலிருந்து அப்பால் கொண்டுசெல்லப்படும் தொகை, அதாவது பிடித்தம், என்று அகராதியைத் திறக்கும் முன்பே நீங்கள் பொருள் சொல்லிவிடலாம்.